ஒழுங்காக மடங்கிய சைக்கிள்

ஒரு காட்டில் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் ரயில் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. கரடி சீட்டாடுவதை நம்பப்போகிறவர்கள் ரயிலையும் சேர்த்து நம்பிவிடுவதுதான் முறை.

அந்தக் காட்டில் செண்பகவல்லி என்றோர் அழுங்கு வாழ்ந்துவந்தது. அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதில் போர்த்திய, எறும்பு தின்கிற, ஆபத்து வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்கிற ஒரு சாதுவான பிராணி. அகராதியில் தேடினால் அகப்படும். காட்டில் தேடினால் அகப்படாது. செண்பகவல்லி அகப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெரும்பாலும் ஆபீசில் இருந்தது.

ஆபீஸ் என்றால் இலுப்பைத்தோப்பில் உள்ள உதிர்ந்த இலைகள் பதிவகம். காட்டில் எந்த இலை விழுந்தாலும், விழுந்த மரம், கிளை, தேதி, விழுந்த காரணம் எல்லாவற்றையும் அங்கே பதிவேட்டில் ஏற்றுவார்கள். செண்பகவல்லி அங்கே இளநிலை உதவியாளர். முந்தின ஆடிக்காற்றில் விழுந்தவற்றை அப்போதுதான் முடித்திருந்தது.

வீட்டிலிருந்து புற்றடி ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர். இலுப்பைத்தோப்பில் இறங்கினால் ஆபீஸ் இன்னும் இரண்டரை. நடுவில் ரயில் ஒரு மணி பத்து நிமிஷம். ரயில் ஒழுங்காகத்தான் வந்தது. தொல்லை எல்லாம் அதன் இரண்டு முனைகளிலும் இருந்தது. அழுங்கு முன்கால் நகங்களை உள்ளே மடித்து, விரல்முட்டிகளை ஊன்றி நடக்கும். பார்க்க அழகாக இருக்கும், போய்ச் சேராது. ஷேர் ஆட்டோ ஓட்டிய காட்டெருமையோ பத்துப் பேர் ஏறாமல் நகராது. எட்டுப் பேர் ஏறியதும் டீ குடிக்கப் போய்விடும்.

இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அந்த ஆங்கில வருஷப் பிறப்பில் ஆபீஸ் வாசலில் ஓர் இயந்திரத்தை மாட்டினார்கள். வால்நுனியை அதன்மேல் வைத்தால் வந்தவர் யார், எத்தனை மணிக்கு வந்தார் என்று சொல்லும். பத்து மணி தாண்டினால் சிவப்புக் கோடு. அதற்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர் ஆந்தை உட்கார்ந்திருந்தது. பகலில் அதற்குக் கண் தெரியாது. பத்து மணி தாண்டியது மட்டும் தெரியும்.

மூன்று மாதத்துக்குள் மூன்று கோடு விழுந்தால் கள்ளிமேட்டுக் கிளைக்கு மாற்றல் என்று சுற்றறிக்கை வந்தது. கள்ளிமேடு ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். அங்கே கள்ளி மட்டும்தான் வளரும். இலை கிடையாது, ஆனால் பதிவேடு உண்டு.

முதல் கோடு பிப்ரவரியில் விழுந்தது. செண்பகவல்லிக்கு இலையைப் பற்றிக் கவலையில்லை, குட்டியைப் பற்றித்தான் கவலை. கணவருக்கு வேறு காட்டில் வேலை. குட்டி பொம்மியைப் பகலில் காட்டுக்கோழி நடத்திய காப்பகத்தில் விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்குப் போய் அழைத்துவரும். குட்டி ஓடிவந்து வாலின் அடியில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொள்ளும். அப்படியே இருவரும் வீடுவரை போவார்கள். நாளில் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்றரை மணி நேரமும்.

கோடு விழுந்த மறுநாளிலிருந்து செண்பகவல்லி பயந்துபோய், ஐந்தே முக்கால் ரயிலைப் பிடிக்க ஆரம்பித்தது. தூங்குகிற குட்டியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் காப்பகத்தில் போட்டுவிட்டு ஓடியது. ஒரு வாரம் ஆயிற்று. அன்று மாலை காப்பக வாசலில் நின்று, "பொம்மி!" என்று கூப்பிட்டது.

குட்டி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. "க்கொக்" என்றது.

"கவலைப்படாதீங்க மேடம். குரல் நல்லா வருது" என்றது காட்டுக்கோழி, பெருமையோடு.

செண்பகவல்லி அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தது. கள்ளிமேட்டுக்கு மாற்றல் என்றால் வீடு திரும்ப ஒன்பதாகும். குட்டி முழுக் கோழியாகிவிடும். விடியற்காலை ரயிலே தொடர்ந்தாலும் அரைக்கோழி நிச்சயம். எட்டு இருபத்தைந்து ரயிலில் போய், பத்து மணிக்குள் வாலை வைத்தாக வேண்டும். அதற்கு இரண்டு முனையிலும் சக்கரம் வேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'சைக்கிள், விறகு, தேனீயுடன் கூடிய தேன்கூடு ஆகியவற்றை வண்டியில் ஏற்றக் கூடாது. மடக்கிய சைக்கிளுக்குத் தடையில்லை.'

இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு சாதாரண சைக்கிளை நிறுத்திவைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். இலுப்பைத்தோப்பில் நிறுத்தினால் குரங்குகள் முதலில் பெல்லைக் கழற்றும், பிறகு சீட்டை, பிறகு சைக்கிளை. ஆகவே மடக்கு சைக்கிள்தான் என்று முடிவாயிற்று.

முடிவானதும் செண்பகவல்லி செய்த முதல் காரியம், எட்டு இருபத்தைந்தின் மூன்றாவது பெட்டியில் விஷயத்தைச் சொன்னது. அதற்காகவே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்த ரயிலில் போயிற்று. ஏனென்றால் அந்தப் பெட்டியைக் கேட்காமல் புற்றடிப் பக்கத்தில் யாரும் பெண் பார்த்ததில்லை, பல் பிடுங்கியதில்லை.

அந்தப் பெட்டியில் இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டுக் கச்சேரி உண்டு. கரடி தணிகாசலம், பெருச்சாளி கோதண்டம், மைனா எமிலி, எப்போதும் ஒரு காலில் நின்று தூங்கியபடியே சரியான சீட்டைப் போடுகிற ஒரு நாரை. நாலு பேருக்கும் கள்ளிமேட்டுத் தேன் கிடங்கில் வேலை. கடைசி ஸ்டேஷன் என்பதால் நடுவில் இறங்குகிற கவலையை அவர்கள் அறிந்ததில்லை. பதினொரு வருஷமாக ரம்மி. தோற்றவர் மறுநாள் சுண்டல் கொண்டுவர வேண்டும். அதுவரை ஒரு மரநாயின் தகரப்பெட்டியைக் குறுக்கே வைத்து அதன்மேல் ஆடினார்கள். மரநாய் அண்மையில் கள்ளிமேட்டுக்கு மாற்றலாகி, அங்கேயே குடிபோய்விட்டது. ஏன் மாற்றலானது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது மடியில் துண்டை விரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நாரைக்கு மடி கிடையாது என்பதால் ஆட்டம் சோபிக்கவில்லை.

"மடக்கு சைக்கிளா? தாராளமா வாங்கும்மா" என்றது கரடி. "கியர் கியர்னு ஏமாத்துவான். அதெல்லாம் வேண்டாம். மடக்கினா மேல தட்டையா இருக்கணும். அதுதான் முக்கியம்."

"தட்டையா எதுக்கு சார்?"

"பாக்க லட்சணமா இருக்கும்ல."

"கேபிளைக் கடிச்சுப் பாத்து வாங்குங்க" என்றது பெருச்சாளி. "நான் ஒண்ணு ரெண்டு கடிச்சிருக்கேன். மட்டமான கேபிள் பல்லுல ஒட்டும்."

"சிவப்பு வேண்டாம்க்கா. உங்க செதிலுக்கு எடுக்காது. சாம்பல் வாங்குங்க. உயரம் இவர் முட்டிவரைக்கும் இருந்தாப் போதும்" என்று கரடியின் முழங்காலைச் சிறகால் தொட்டுக் காட்டியது மைனா. நாரை ஒரு கண்ணைத் திறந்து, ஆமோதித்து, மூடிக்கொண்டது.

சைக்கிளின் உயரத்துக்கும் கரடியின் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று செண்பகவல்லிக்குப் புரியவில்லை. அக்கறையாகச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டது.

சைக்கிள் கடை பச்சோந்தியினுடையது. பெயர் பொன்னுரங்கம். வாடிக்கையாளர் எந்த வண்டியைப் பார்க்கிறாரோ அந்த வண்டியின் நிறத்துக்கு மாறிவிடும். அதனால் வண்டி மேலும் அழகாகத் தோன்றும் என்பது அதன் வியாபார அனுபவம்.

செண்பகவல்லி முதலில் ஒரு நீலவண்டியைப் பார்த்தது. பச்சோந்தி நீலமாயிற்று. "இது நல்லா போற ஐட்டம் மேடம். நடுவுல ஒரே கீல். புஸ்தகம் மூடற மாதிரி மூடிடலாம்."

மடக்கிக் காட்டியது. செண்பகவல்லி சுற்றிவந்து பார்த்தது. ஒரு சக்கரம் முன்னால் போயிருந்தது, கைப்பிடி வானத்தைப் பார்த்தது.

"அண்ணே, இது மடங்கலை. ஒடிஞ்சிருக்கு."

அடுத்தது சிவப்பு. மூன்றாக மடங்கும். பச்சோந்தியும் சிவந்து, வியர்வையோடு மடக்கி முடித்தது. "கழுத்து தொங்குதே" என்றது செண்பகவல்லி. அதற்கடுத்தது பேட்டரி வண்டி. மடக்கினால் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கிப் பார்த்தபோது வண்டி எழும்பவில்லை, செண்பகவல்லியின் பின்கால்கள்தாம் எழும்பின.

மடங்குவதைப் பற்றி ஓர் அழுங்குக்குக் கடைக்காரர் சொல்லித்தருவது கொஞ்சம் அதிகப்படி. பச்சோந்தி அதை உணராமல், "மேடம், மடக்கு வண்டின்னா அங்கங்க கொஞ்சம் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றது.

"மடங்கறதுன்னா என்னன்னு காட்டறேன், பாருங்க."

செண்பகவல்லி கடையின் நடுவில் நின்றது. மூக்கை வயிற்றில் பொருத்தியது. கால்கள் உள்ளே போயின. வால் மேலே வந்து மூடியது. ஒரு சத்தமில்லை. தரையில் ஒரு பந்து கிடந்தது.

பச்சோந்தி சுற்றிச் சுற்றி வந்தது. எந்த நிறத்துக்கு மாறுவது என்று தெரியாமல் வெளுத்துப்போயிற்று. "மேடம், வாலோட நுனி எங்கே?"

"அதான்" என்றது பந்து. "தெரியக் கூடாது."

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. விடியற்காலை ரயிலில் ஆபீஸ், சனிக்கிழமை கடை. செண்பகவல்லி ஒரு நோட்டில் கட்டம் போட்டு, எடை, சக்கர அளவு, மடக்க ஆகும் நொடி, வெளியே நீட்டும் உறுப்புகள் என்று எழுதிவந்தது. கடைசிக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுத வாய்க்கவில்லை. வீட்டில் குட்டி தட்டிலிருந்த எறும்பைத் தின்னாமல் காலால் கிளறிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள், அதே ஆபீசில் தபால் பிரிவில் இருந்த காட்டுப்பன்றி மாசிலாமணி கடைக்குள் எட்டிப் பார்த்தது. மூலையில் வேண்டாத சாமான்களோடு ஒரு வண்டி சாய்ந்திருந்தது.

"இது ஓடுமா?"

"ஓடும்."

"மடங்குமா?"

"ஏதோ, ஓரளவுக்கு."

"குடுங்க" என்று ஏறிப் போய்விட்டது. செண்பகவல்லி அந்தக் காட்சியை வேதனையோடு பார்த்தது. படித்தவர்கள்கூட இப்படி இருந்தால் காடு எப்படி உருப்படும் என்று நினைத்தது.

நாலாவது சனிக்கிழமை, புதிதாக வந்த பெட்டியைப் பிரித்தார்கள். சாம்பல் நிறம். 'மொட்டு' என்று பெயர் எழுதியிருந்தது. நெம்புகோலை ஒரு முறை தள்ளினால் பின்சக்கரம் அடியில் போயிற்று. இன்னொரு முறை தள்ளினால் முன்சக்கரம் அதன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. செயின் உள்பக்கம். பெடல்கள் உள்பக்கம். கைப்பிடி மடிந்து படுத்ததும் அதன்மேல் ஒரு மூடி சரிந்து வந்து 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. எட்டு நொடி. தரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நின்றது. கரடியின் முட்டி உயரம். மேல்புறம் தட்டை.

செண்பகவல்லிக்குக் கண் கலங்கிற்று. தன் வீட்டில் பிறந்திருக்க வேண்டிய வண்டி என்று தோன்றியது. நோட்டை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டது.

ராகுகாலம் கழித்துப் பூஜை போட்டார்கள். புது வண்டிக்குச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். வண்டி ஏறி நசுக்கிக்கொண்டு புறப்படும். மடக்கு வண்டியின் சக்கரம் சிறியது என்பதை யாரும் யோசிக்கவில்லை. வண்டி பழத்தின்மேல் ஏறவில்லை, முட்டி நின்றது. செண்பகவல்லி கைப்பிடியைத் தாண்டிப் போய்ப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் விழுந்தது. எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கீறலும் இல்லை. விழுகிற வழியிலேயே சுருண்டுகொண்டதால் செண்பகவல்லிக்கும் இல்லை.

"நல்ல சகுனம் மேடம்" என்றது பச்சோந்தி, எலுமிச்சை நிறத்தில்.

திங்கட்கிழமை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிஷம். குட்டி விழித்திருந்து வழியெல்லாம் வாலில் சவாரி செய்தது. காப்பக வாசலில் இறங்கும்போது "அம்மா" என்று சொல்லிவிட்டு, பிறகு மரியாதைக்கு ஒரு "க்கொக்" சேர்த்துக்கொண்டது. எட்டு இருபத்தைந்து வந்தது. செண்பகவல்லி எட்டு நொடியில் வண்டியை மடக்கி, மூன்றாவது பெட்டியில் ஏறிற்று.

பெட்டியே எழுந்து நின்று பாராட்டியது. "இப்படி ஒரு மடிப்பை நான் பாத்ததில்லை!" என்றது கரடி. முட்டியை வண்டிக்குப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தது. "வைம்மா, இங்க நடுவுல வை. உனக்கு எதுக்குச் சிரமம்? நாங்க பாத்துக்கறோம்." மைனா அதன்மேல் துண்டை விரித்தது. பெருச்சாளி சீட்டைக் கலைத்தது.

செண்பகவல்லிக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. கையில் சுண்டலும் கிடைத்தது. இதுவும் ஒரு பாக்கியம் என்று நினைத்துக்கொண்டது. ஒன்பது முப்பத்திரண்டுக்கு எழுந்து, "சார், அடுத்த ஸ்டேஷன் என்னுது" என்றது.

"ஆச்சும்மா, ஒரே ஒரு கை."

"ஒன்பது முப்பத்தஞ்சுக்கு வந்துடும் சார்."

"இந்தக் கோதண்டம் ஒரு சீட்டு எடுக்கறதுக்கு ஒரு ஸ்டேஷன் ஆகுது. போடுய்யா!"

"அவசரப்படுத்தினா தப்பாப் போட்டுடுவேன்ல?" என்றது பெருச்சாளி. "அக்கா, நீங்க பதறாதீங்க. ரயில் எங்க போயிடப் போகுது?"

ரயில் அடுத்த ஸ்டேஷனான மூங்கில்துறைக்குப் போயிற்று. அங்கே இறங்கித் திரும்பிச் சைக்கிள் மிதித்து ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது மணி பத்து பத்தொன்பது. ஆந்தை கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு" என்றது.

மாசிலாமணி அப்போது இருக்கையில் உட்கார்ந்து, ஒன்பது ஐம்பதுக்கு வாங்கிய டீயின் கடைசி மடக்கைக் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் செண்பகவல்லி ஐந்தாவது பெட்டியில் ஏறிப் பார்த்தது. இரண்டாவது நிமிஷத்தில் மைனா ஜன்னல் ஜன்னலாகப் பறந்து வந்தது. "அக்கா இங்க இருக்காங்க!" கரடியே நேரில் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு, "எங்க மேல கோபமாம்மா? நேத்து தெரியாம நடந்துபோச்சு" என்று கையைப் பிடித்து அழைத்துப்போயிற்று. இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறவர்களிடம் எப்படி வர மாட்டேன் என்பது? அன்று ஆட்டம் தானாகவே சீக்கிரம் முடிந்ததால் தப்பித்தது. அடுத்த நாள் சீட்டுக்கட்டில் ஒரு ராஜா காணாமல்போய், அந்தத் தகராறில் தப்பித்தது. தினமும் ஒன்பதரைக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்பது முப்பத்தாறுக்கு உயிர் திரும்பும்.

இதற்கிடையில் செண்பகவல்லி ஒன்றைக் கவனித்தது. மாசிலாமணியும் அதே பெட்டியில்தான் வந்துகொண்டிருந்தது. அதன் வண்டி பாதி மடங்கி, பாதியில் மனம் மாறியதுபோல் நிற்கும். ஒரு பெடல் ஒரு முழம் வெளியே நீட்டியிருக்கும். செயின் முழுவதும் வெளியே. செயின் முழுவதும் கிரீஸ். அதைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தால், நெரிசலில் மூச்சுவிட இடமில்லாத பெட்டி இரண்டாகப் பிரிந்து வழிவிடும். "ஏய், பாத்துப்பா! ரோமத்துல பட்டுடும்!" என்று எல்லோரும் அலறுவார்கள். மாசிலாமணி, "சாரி, சாரி" என்று சொல்லியபடி ஸ்டேஷன் வருமுன்பே கதவில் போய் நிற்கும்.

"எனக்கு இந்த எழவை மடக்கவே வரலை மேடம்" என்று ஒரு நாள் சொல்லிக் குறைபட்டுக்கொண்டது. "உங்க வண்டி எவ்வளவு ஒழுங்கு! பாக்கப் பொறாமையா இருக்கு."

மூன்று மாதக் கணக்கு முடிகிற மார்ச் முப்பத்தொன்று வந்தது. அன்றைக்குத் தப்பித்தால் பழைய கோடுகள் அழிந்துவிடும். அன்றைக்கு விழுந்தால் கள்ளிமேடு.

செண்பகவல்லி ஒன்பது மணிக்கே சொல்ல ஆரம்பித்தது. "சார், இன்னிக்கு மட்டும் தயவுபண்ணணும். எனக்கு ரெண்டு கோடு இருக்கு. மூணாவது விழுந்தா மாத்திடுவாங்க. குட்டி சின்னது."

"எங்கே மாத்துவாங்க?"

"கள்ளிமேட்டுக்கு."

நாலு பேர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. நாரைகூட இரண்டு கண்ணையும் திறந்தது. "அட, நம்ம ஊரு!" என்றது கரடி. "அப்ப கடைசி வரைக்கும் சேர்ந்தே வரலாமே! நடுவுல இறங்கற பிரச்னையே இல்லை."

ஒன்பது முப்பதுக்குக் கரடியின் கையில் பதிமூன்று சீட்டில் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. டயமண்ட் ஏழு ஒன்று வந்தால் ஆட்டம் முடிந்தது. பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு கை வந்ததில்லை என்று அது சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தது. "சார்" என்றது செண்பகவல்லி. யாருக்கும் காது கேட்கவில்லை. "சார், வண்டியை எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டியது. "தொடாதேம்மா, சீட்டு கலைஞ்சுடும்!" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கத்தின. பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவ்வளவு பேர் திரும்பிப் பார்த்தால் ஓர் அழுங்கு என்ன செய்யும்? மூக்கு வயிற்றுக்குப் போயிற்று. கால்கள் உள்ளே போயின. வால் வந்து மூடிக்கொண்டது.

பிறகு பெருச்சாளியின் குரல். "இது மேல சுண்டல் டப்பா நிக்குமா?"

"வெச்சுப் பாரு."

"தட்டையா இல்லை. ஆனா நிக்குது."

பந்துக்குள் இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. ஆபத்து கடந்து போகும்வரை சுருண்டு கிடப்பது செண்பகவல்லியின் குலவழக்கம். பன்னெடுங்காலமாக அதில் ஒருவருக்கும் நஷ்டம் வந்ததில்லை. சிறுத்தை வரும், உருட்டிப் பார்க்கும், அலுத்துப்போய்விடும். ஆனால் இங்கே ஆபத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கடந்து போகப்போவது ஸ்டேஷன். முதுகில் சுண்டல் டப்பாவின் சூடு இறங்க, செண்பகவல்லி குலவழக்கத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடியது. இல்லை. காப்பக வாசலில் ஒரு குட்டி தலையைச் சாய்த்துப் பார்ப்பது மட்டும் தெரிந்தது.

பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது.

செண்பகவல்லி விரிந்தது. செதில்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. சுண்டல் டப்பா கூரையில் முட்டி, பெட்டி முழுவதற்கும் பாரபட்சமின்றி விநியோகமாயிற்று. அது துண்டின்மேல் பாய்ந்து நெம்புகோலை இழுத்தது. எட்டு நொடியில் மடங்குகிற வண்டி விரிவதற்கு மூன்றே நொடிதான் எடுக்கும் என்பதை நோட்டில் குறிக்கத் தவறியிருந்தது. கைப்பிடி எழுந்து கரடியின் தாடையில் ஒன்று வைத்தது. பெடல் சுழன்று பெருச்சாளியின் வயிற்றைத் தொட்டது. சீட்டுகள் பறந்தன, மைனாவும் பறந்தது, நாரை மட்டும் காலை மாற்றிக்கொண்டது.

"என் டயமண்ட்! இப்பத்தான் வந்துது!" என்று கரடி அலறியது.

"வழி!" என்று செண்பகவல்லி கத்தியது. வாழ்நாளில் அது உரக்கச் சொன்ன முதல் வார்த்தை. சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே, நகர்கிற ரயிலிலிருந்து பிளாட்பாரத்தில் குதித்தது. குதித்தபோது சுருளவில்லை.

வழியெல்லாம் பின்சக்கரத்திலிருந்து ஏதோ 'டர்ர்ர்' என்று சத்தம் வந்தது. நின்று பார்க்க நேரமில்லை. ஆபீஸ் வாசலில் வாலை இயந்திரத்தில் வைத்தபோது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

"அது என்ன சத்தம்?" என்றது ஆந்தை, கண்ணை மூடியபடி.

செண்பகவல்லி குனிந்து பார்த்தது. சக்கரக் கம்பிகளுக்கிடையில் டயமண்ட் ஏழு சொருகியிருந்தது. "இலை, சார்" என்றது. ஆந்தை அதையும் பதிவு செய்யச் சொன்னது.

மாலை ஆறு மணிக்கு முந்தியே காப்பக வாசலில் போய் நின்றது. குட்டி ஓடிவந்து வாலில் ஏறிற்று. அடுத்த பத்து நாளில் கூவுவது படிப்படியாகக் குறைந்து, முட்டையிட இடம் தேடுகிற பழக்கமும் நின்றது.

அந்த வாரச் சனிக்கிழமையே செண்பகவல்லி சைக்கிள் கடைக்குப் போயிற்று.

"அண்ணே, இதைக் கொஞ்சம் கெடுத்துக் குடுக்கணும்."

பச்சோந்தி மூன்று நிறம் மாறியது. "என்ன மேடம் சொல்றீங்க?"

"இந்தப் பெடல் ஒரு முழம் வெளியில நீட்டணும். மூடியைக் கழட்டிடுங்க. கைப்பிடி தொங்கட்டும். செயினை வெளிப்பக்கமா மாத்த முடியுமா?"

"மாத்தலாம். வாரண்டி போயிடும்."

"போகட்டும். கிரீஸ் தாராளமா வைங்க."

திங்கட்கிழமை மூன்றாவது பெட்டியில் ஏறியதும் மைனா பழக்கத்தில் துண்டோடு வந்தது. கரடி, பழையதை மறந்து பெருந்தன்மையோடு கையை நீட்டியது. கையை இழுத்துப் பார்த்தது. உள்ளங்கை கறுத்திருந்தது. "சீ! என்னம்மா வண்டி வெச்சிருக்கே? நல்லாத்தானே இருந்துது?" என்று முகம் சுளித்தது. "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே செண்பகவல்லி கதவருகே போய் நின்றது. பெட்டி இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எதிரே மாசிலாமணி நின்றிருந்தது. சாய்ந்து கிடக்கும் அந்த வண்டியைப் பார்த்து, "உங்களுக்கும் மடக்க வரலையா மேடம்?" என்று ஆறுதல் சொன்னது.

கரடியும் கூட்டாளிகளும் இரண்டு நாள் மடியில் துண்டு விரித்துச் சலிப்போடு ஆடினார்கள். மூன்றாம் நாள் மூங்கில்துறையில் இறங்குவதற்காகப் புதிதாக ஸீஸன் டிக்கெட் எடுத்த ஓர் ஆமை அந்தப் பெட்டியில் ஏறியது. "வாங்க தம்பி, வாங்க. இப்படி நடுவுல உக்காருங்க" என்று கரடி எழுந்து இடம் கொடுத்தது. முதல் நாளே இவ்வளவு மரியாதையா என்று ஆமை நெகிழ்ந்துபோய், கால்களையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தது. முதுகில் துண்டு விரிகிறது என்பதுகூட அதற்குத் தெரியவில்லை.

இன்றோடு ஒன்பது நாளாக அது கள்ளிமேட்டில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

நீதி: ஒழுங்காக மடங்குகிறவர் முதுகில் நாலு பேர் சீட்டாடுவார்கள். மடங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பெடலாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதில் கொஞ்சம் கிரீஸும் இருக்கட்டும்.